உள்ளேன் ஐயா!

காலையில் முதல் மணி அடித்ததும் உங்கள் வகுப்பாசிரியர் செய்யும் முதல் வேலை என்ன? வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிப்பதுதான். ஒவ்வொருவராக எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறீர்கள். இரண்டு நிமிடங்களில் வகுப்பில் இருப்பவர் யார், வராதவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பாடம்.

கணிப்பொறிக்குள்ளும் இப்படிப் பெயர் வாசிக்க முடியும் என்றால் நம்புவீர்களா? திரையில் நீங்கள் காண்பது கட்டுரை எழுதும் ஒரு நிரலும், மூலையில் ஒரு கடிகாரமும் மட்டுமாக இருக்கலாம். ஆனால் உள்ளே ஒரே சமயத்தில் நூறு, இருநூறு, சில பொறிகளில் அதற்கும் மேற்பட்ட நிரல்கள் இயங்கிக்கொண்டிருக்கின்றன. வலைத் தொடர்பைக் கவனிப்பது ஒன்று. அச்சிட வேண்டிய தாள் வருமா என்று காத்திருப்பது ஒன்று. கடிகாரத்தைச் சரிபார்ப்பது ஒன்று. இவை அனைத்தின் பெயரையும் வரிசையாகத் திரையில் எழுதிக் காட்டும் ஒரு நிரலை 'சி' மொழியில் நீங்களே எழுதலாம். ஐம்பது வரிகளுக்குள் அது அடங்கிவிடும்.

அந்த நிரல் எவ்வாறு வேலை செய்கிறது? அது தரும் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்விரண்டு கேள்விகளையும் இங்கே ஆராய்வோம். முதல் கேள்வி எளிது. இரண்டாவதுதான் சுவையானது.

குறிப்பும் சமையலும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். "ரசம் வைப்பது எப்படி?" என்று எழுதிய தாள் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அது ரசம் அல்ல, வெறும் குறிப்பு. அந்தக் குறிப்பின்படி அடுப்பில் பாத்திரம் ஏறி, புளிக்கரைசல் நுரைகட்டும்போதுதான் அங்கே ஒரு சமையல் நடக்கிறது. கணிப்பொறியின் வட்டில் சேமித்து வைத்த நிரல் அந்தக் குறிப்பைப் போன்றது. அதை நினைவகத்தில் ஏற்றி ஓடவிட்டால் அது நடக்கும் சமையல் ஆகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் 'பிராசஸ்' என்பார்கள். ஒரே குறிப்பை வைத்து மூன்று வீடுகளில் ரசம் வைக்கலாம் அல்லவா? அதுபோலவே ஒரே நிரலிலிருந்து பல பிராசஸ்கள் பிறக்கலாம்.

சரி, இத்தனை சமையலையும் யார் கவனிப்பது? இன்றைய சாதாரணக் கணிப்பொறியில் கணக்கிடும் மையங்கள் நான்கோ எட்டோதான் இருக்கும். பிராசஸ்களோ நூற்றுக்கணக்கில். இங்கேதான் ஒரு தந்திரம். அவதானக் கலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவதானி ஒருவருடைய கேள்விக்கு வெண்பாவின் ஓரடியைச் சொல்வார். அடுத்தவருடைய கணக்குக்குத் தாவுவார். முதுகில் விழும் கல்லை எண்ணுவார். மறுபடியும் விட்ட இடத்திலிருந்து வெண்பாவைத் தொடர்வார். கணிப்பொறியும் அப்படித்தான். ஒரு பிராசஸுக்கு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான நேரம் கொடுக்கும். அது எந்த இடத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்ததிடம் போகும். மாற்றம் மிக விரைவாக நடப்பதால் எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

1961ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் இந்த நேரப் பங்கீட்டு முறையைச் செய்து காட்டினார்கள். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 'யூனிக்ஸ்' என்ற இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். ரிச்சி படைத்த 'சி' மொழியிலேயே 1973இல் யூனிக்ஸ் திருத்தி எழுதப்பட்டது. நம் கட்டுரையில் வரும் எல்லாப் பாத்திரங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

தலைமை எழுத்தரின் பதிவேடு

இயக்க முறைமையின் நடுவே இருந்து ஆட்சி செய்யும் பகுதிக்குக் 'கெர்னல்' என்று பெயர். நேரத்தைப் பங்கிடுவது அதன் பொறுப்பு. அதற்காக அது ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிராசஸுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பிராசஸின் எண், அதைப் பெற்ற தாய்ப் பிராசஸின் எண், உரிமையாளர் யார், ஓடுகிறதா உறங்குகிறதா, எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது, இதுவரை எவ்வளவு நேரம் செலவிட்டது என்பவையெல்லாம் அதில் இருக்கும்.

இந்தப் பதிவேட்டை ஒரு சாதாரண நிரல் நேரே புரட்ட முடியாது. கெர்னலின் நினைவகம் பூட்டிய அறை. தொடக்க கால யூனிக்ஸில் 'பி.எஸ்.' என்ற நிரல் பட்டியல் தந்தது. அதற்குத் தனிச் சலுகை அளித்து, அந்த அறைக்குள்ளேயே நுழைந்து பக்கங்களைப் படிக்க விட்டிருந்தார்கள். இதில் இரண்டு தொல்லைகள். பதிவேட்டின் அமைப்பு சிறிது மாறினாலும் பி.எஸ். நிரலையும் மாற்ற வேண்டும். மேலும், பூட்டிய அறையின் சாவி ஒரு நிரலின் கையில் இருப்பது நல்லதல்ல.

1984இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாம் கிலியன் ஓர் அழகான வழியைக் காட்டினார். ஓடும் ஒவ்வொரு பிராசஸையும் ஒரு கோப்பைப் போலக் காட்டிவிட்டால் என்ன? கோப்பைத் திறந்து படிக்க எல்லா நிரல்களுக்கும் தெரியுமே! 1991இல் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய 'லினக்ஸ்' இந்தக் கருத்தை ஏற்று வளர்த்தது. லினக்ஸ் கணிப்பொறியில் 'பிராக்' என்ற அடைவு ஒன்று உண்டு. அதற்குள் பார்த்தால் 1, 2, 15, 2214 என்று வெறும் எண்களையே பெயராகக் கொண்ட அடைவுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு பிராசஸ்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோப்புகள் வட்டில் எங்குமே இல்லை! அவற்றின் அளவைக் கேட்டால் பெரும்பாலும் பூஜ்யம் என்றே விடை வரும். நீங்கள் படிக்கும் அந்தக் கணத்தில்தான் கெர்னல் தன் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருகிறது. அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டால் எழுத்தர் அப்போதே பேரேட்டைப் பார்த்து நகல் எழுதித் தருவாரே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலின் படிகள்

இப்போது நம் நிரலுக்கு வருவோம். அதன் பெயர் 'பட்டியல்' என்று இருக்கட்டும். 'சி' மொழியில் சிறிது பழக்கம் உள்ளவர்கள் கீழ்க்காணும் படிகளை அப்படியே நிரலாக்கிவிடலாம்.

1. 'ஓபன்டிர்' என்ற கட்டளையால் பிராக் அடைவைத் திறக்கவும்.
2. 'ரீட்டிர்' என்ற கட்டளையால் உள்ளே இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கவும்.
3. எடுத்த பெயர் முழுவதும் இலக்கங்களால் ஆனதா என்று பார்க்கவும். இல்லையெனில் அது பிராசஸ் அல்ல. விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகவும்.
4. இலக்கங்களே எனில், அந்த அடைவுக்குள் இருக்கும் 'ஸ்டேட்டஸ்' என்ற கோப்பை 'எஃப்ஓபன்' கட்டளையால் திறக்கவும்.
5. கோப்பு திறக்கவில்லையா? கவலை வேண்டாம். அடுத்த பெயருக்குப் போகவும்.
6. திறந்தால் அதை வரி வரியாகப் படித்து, பெயர், நிலை, தாய் எண் ஆகிய மூன்று வரிகளையும் பொறுக்கி எடுத்து அச்சிடவும்.
7. பெயர்கள் தீர்ந்ததும் அடைவை மூடவும்.

அவ்வளவுதான். விடையின் ஒரு பகுதி இப்படி இருக்கலாம்:

எண் 1, தாய் 0, உறக்கம், சிஸ்டம்டி
எண் 2214; தாய் 1980; உறக்கம்; பாஷ்
எண் 2307, தாய் 2214, ஓட்டம், பட்டியல்

கடைசி வரியைப் பாருங்கள். நம் நிரலே அதில் இருக்கிறது! பெயர் வாசிக்கும் ஆசிரியரும் அறைக்குள் இருப்பவர்தானே? அதற்குத் தாய், நாம் கட்டளைகளைத் தட்டிய 'பாஷ்' என்னும் நிரல். அதன் தாய் எண்ணைத் தேடி, அதன் தாயையும் தேடி மேலே மேலே போனால் பெரும்பாலும் எண் 1இல் போய்ச் சேருவீர்கள். கணிப்பொறி விழித்தெழும்போது முதலில் பிறக்கும் பிராசஸ் அதுவே.

ஏன் பெரும்பாலான வரிகளில் 'உறக்கம்' என்று இருக்கிறது? சோம்பல் அல்ல. விசை தட்டப்படும், செய்தி வரும், மணி அடிக்கும் என்று அவை காத்திருக்கின்றன. காத்திருப்பவருக்கு நேரம் பங்கிட வேண்டியதில்லை. அதனால்தான் நான்கு மையங்கள் முந்நூறு பிராசஸ்களைச் சமாளிக்க முடிகிறது.

எப்போதாவது 'ஸாம்பி' என்ற நிலையும் தென்படும். பயந்துவிடாதீர்கள்! மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்ட மாணவனின் பெயர் பதிவேட்டில் இன்னும் அடிக்கப்படாமல் இருப்பதில்லையா? அதே நிலைதான். பிராசஸ் முடிந்துவிட்டது, நினைவகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் அது எப்படி முடிந்தது என்ற விவரத்தைத் தாய்ப் பிராசஸ் இன்னும் கேட்டுப் பெறவில்லை. கேட்டதும் பெயர் நீங்கிவிடும்.

பட்டியல் சொல்லாதவை

இனி இரண்டாவது கேள்வி. இந்தப் பட்டியலை நம்பலாமா?

ஐந்தாம் படியை மீண்டும் பாருங்கள். ஒரு பெயரை இப்போதுதான் அடைவில் கண்டோம். அடுத்த கணமே அதன் கோப்பைத் திறக்கப் போனால் கோப்பு இல்லை. ஏன்? அந்த இடைவெளியில் அந்தப் பிராசஸ் முடிந்துபோயிருக்கும். நம் நிரல் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சிலர் வகுப்பை விட்டு வெளியேறுகிறார்கள்; சிலர் உள்ளே நுழைகிறார்கள். ஆகவே இது ஒரே கணத்தில் எடுத்த நிழற்படம் அல்ல. திரையில் பட்டியலைக் காணும்போதே அது சிறிது பழையதாகிவிட்டது. 'விண்டோஸ்' முறைமையில் 'ஸ்நாப்ஷாட்' எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. முதலில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கலாம். ஆனால் நகலும் எடுத்த கணத்துக்கு மட்டுமே உண்மை.

எண்ணும் நிலையானதல்ல. எண்கள் உச்ச அளவை எட்டியதும் கெர்னல் மறுபடியும் கீழிருந்து தொடங்கி, காலியான எண்களைப் புதியவர்களுக்குக் கொடுக்கும். நேற்றுக் குறித்து வைத்த எண்ணை நம்பி இன்று ஒரு பிராசஸை நிறுத்தினால் பழி வேறொன்றின் தலையில் விழலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர். லினக்ஸ் பதிவேட்டில் ஒரு நிரலின் பெயருக்கு 15 எழுத்துகளுக்குத்தான் இடம். அதுகூடப் பெரிதல்ல, ஒரு பிராசஸ் தன் பெயரைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளலாம்! "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பவன் முருகன்தானா, முருகனுக்காகக் குரல் கொடுக்கும் கந்தனா என்பது குரலை மட்டும் கேட்பவருக்குத் தெரியுமா?

மாறுவேடமிட்ட புழு

1988ஆம் ஆண்டு நவம்பர் 2. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் விடப்பட்டது. ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே பரவும் அந்த நிரலைப் 'புழு' என்று அழைத்தார்கள். அது கோப்புகளை அழிக்கவில்லை. ஆனால் ஒரே பொறிக்குள் மீண்டும் மீண்டும் நுழைந்து பெருகியதால் பொறிகள் மூச்சுத் திணறிப் போயின.

அந்தப் புழு பதிவேட்டை எப்படி ஏமாற்றியது தெரியுமா? தன் பெயரை 'எஸ்.ஹெச்.' என்று மாற்றிக்கொண்டது. யூனிக்ஸில் கட்டளைகளைப் பெறும் சாதாரண நிரலின் பெயர் அது. எந்தப் பட்டியலிலும் நாலைந்து எஸ்.ஹெச். இருப்பது வழக்கம். ஆகவே கண்ணில் உறுத்தாது. மேலும், ஒரு பிராசஸ் நெடுநேரம் உழைத்தால் அதன் கணக்கில் நேரம் ஏறிக்கொண்டே போகும். அதைக் கண்டு நிர்வாகி ஐயப்படுவார். எனவே புழு அவ்வப்போது ஒரு குட்டியைப் பெற்றுவிட்டுத் தாயை முடித்துக்கொண்டது. குட்டிக்குப் புதிய எண். நேரக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்! ஆயினும் எண்ணிக்கை அதைக் காட்டிக்கொடுத்தது. பட்டியலில் எஸ்.ஹெச். என்ற பெயர் அளவுக்கு மீறிப் பெருகியதைக் கண்டு நிர்வாகிகள் விழித்துக்கொண்டார்கள். மாரிஸ் 1990இல் தண்டனை பெற்றார். பிற்காலத்தில் எம்.ஐ.டி.யில் பேராசிரியரும் ஆனார்.

பட்டியலில் இல்லாத காவலாளி

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்த நிகழ்ச்சி நேர் எதிரானது. 1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறிக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. வானியலாளர் கிளிஃபர்ட் ஸ்டோல் அந்தச் சில்லறையைத் தேடிப் போக, யாரோ ஒருவன் அயலிடத்திலிருந்து பொறிக்குள் நுழைந்து திருடுவது தெரியவந்தது.

திருடன் எச்சரிக்கையானவன். நுழைந்தவுடன் பி.எஸ். கட்டளை கொடுத்து, தன்னைக் கண்காணிக்கும் நிரல் ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பான். ஸ்டோல் என்ன செய்தார்? பொறிக்குள் காவல் நிரல் எதையும் ஓட்டவில்லை. உள்ளே வரும் இணைப்புக் கம்பிகளில் அச்சுப் பொறிகளைப் பொருத்தி, திருடன் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பதிய வைத்தார். பட்டியலில் காவலாளி இல்லவே இல்லை!

அந்தத் தாள்களில் இன்னொரு துப்பும் கிடைத்தது. திருடன் பி.எஸ். கட்டளையோடு 'எஃப்' என்ற எழுத்தையும் சேர்த்துத் தட்டியிருந்தான். பெர்க்லியில் வழங்கிய யூனிக்ஸ் வகையில் அந்த எழுத்துக்கு வேலையே இல்லை. ஆகவே இவன் இந்த ஊரில் யூனிக்ஸ் கற்றவன் அல்லன் என்று ஸ்டோலின் நண்பர் ஊகித்தார். ஊகம் சரிதான். தேடல் கடைசியில் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் போய் முடிந்தது.

எழுத்தரே மாறிவிட்டால்?

பொறிக்குள் புகும் கள்ளன் பி.எஸ். நிரலையே எடுத்துவிட்டு, தன் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் காட்டும் போலி ஒன்றை வைக்கலாம். அப்போது நீங்களே எழுதிய 'பட்டியல்' கை கொடுக்கும், அது பி.எஸ். நிரலைக் கேட்காமல் நேரே பிராக் அடைவைப் படிக்கிறது அல்லவா? ஆனால் கள்ளன் கெர்னலையே திருத்திவிட்டால்? எழுத்தரே பொய் நகல் எழுதித் தந்தால் உங்கள் நிரலும் ஏமாறும்.

இது கற்பனை அல்ல. 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் விற்ற சில இசைத் தட்டுகளை விண்டோஸ் கணிப்பொறியில் இட்டு, திரையில் வந்த உடன்பாட்டுக்குச் 'சரி' என்றால், நகலெடுப்பதைத் தடுக்கும் நிரல் ஒன்று உள்ளே அமர்ந்துகொண்டது. அதோடு, குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் கோப்புகளையும் பிராசஸ்களையும் பட்டியல்களிலிருந்து மறைத்துவிட்டது. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அவ்வாண்டு அக்டோபரில் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். எப்படி? முறைமையைக் கேட்டுப் பெற்ற கோப்புப் பட்டியல் ஒன்று; வட்டை நேரே படித்துப் பெற்ற பட்டியல் மற்றொன்று. இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை! கடும் எதிர்ப்பு எழவே நிறுவனம் அந்தத் தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

இந்த முறை விஞ்ஞானத்துக்குப் புதிதல்ல. ஒரே அளவை இரண்டு கருவிகளால் அளந்து பார்ப்பது ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதுதானே?

பட்டியலைப் பார்ப்பவரும் எல்லாரும் நல்லவராக இருப்பதில்லை. கட்டளையோடு சேர்த்துத் தட்டும் கடவுச்சொல், பல பேர் பயன்படுத்தும் பொறியில், பிராசஸ் பட்டியலின் வழியே பிறர் கண்ணில் படலாம். ஆகவே கடவுச்சொல்லை ஒருபோதும் கட்டளை வரியில் தட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது. ஆனால் 2016இல் வந்த ஏழாம் பதிப்பு முதல், ஒரு செயலி மற்றச் செயலிகளின் பிராசஸ்களை இந்த வழியில் காண முடியாதபடி மறைத்துவிட்டார்கள். நீங்கள் எந்தச் செயலியைத் திறந்திருக்கிறீர்கள் என்று இன்னொரு செயலி உளவு பார்க்கலாகாது அல்லவா?

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால், ஆசிரியரின் துணையோடு இந்தச் சோதனைகளைச் செய்யலாம்.

முதலாவது, 'பட்டியல்' நிரலை எழுதி ஓட்டி, வரிகளை எண்ணுங்கள். புதிதாக ஒரு நிரலைத் திறந்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள். எத்தனை கூடியது? ஒன்றுதானா, பலவா?

இரண்டாவது, பி.எஸ். கட்டளையில் எல்லாப் பிராசஸ்களையும் கேட்டு வாங்கி, உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஓரிரு வரிகள் வேறுபடும். அவை எவை? ஏன்? (முதல் வேறுபாடு அந்த பி.எஸ். நிரலாகவே இருக்கும்!)

மூன்றாவது, உங்களுக்குரிய ஒரு பிராசஸின் அடைவில் 'எக்ஸி' என்ற சுட்டியைப் பாருங்கள். அந்தப் பிராசஸ் வட்டில் எந்தக் கோப்பிலிருந்து பிறந்தது என்பதை அது காட்டும். பிராசஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயரும், அது பிறந்த இடமும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். மாரிஸின் புழுவை இந்தக் கேள்வி நிறுத்தி வைத்திருக்குமா என்று நண்பர்களுடன் விவாதியுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பிறருடைய பிராசஸை விளையாட்டுக்குக்கூட நிறுத்தக்கூடாது. படிப்பது வேறு, தலையிடுவது வேறு.

நல்ல ஆசிரியர் பெயரை வாசிக்கும்போது பதிவேட்டில் மட்டும் கண் வைப்பதில்லை. நிமிர்ந்து முகத்தையும் பார்க்கிறார். இயந்திரம் தரும் எந்தப் பட்டியலையும் நீங்கள் அப்படியே படியுங்கள். இதைச் சொல்வது யார், எப்போது சொன்னது, வேறு வழியில் கேட்டால் இதே விடை வருமா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தப் பழக்கம் கணிப்பொறிக்கு அப்பாலும் உங்களுக்கு உதவும்.